மூன்று, ஏழு, பதினொன்று

ரிச்சர்ட்ஸ் டவுன், பெங்களூரு
14.9.2025, ஞாயிறு, காலை 9.40
மொத்தக் கட்டங்கள்: பன்னிரண்டு

அக்காவுக்கு,

நமஸ்காரம். உன் பி.பி. எவ்வளவு? அத்திம்பேரின் முட்டி வலி தேவலையா? எனக்குக் கழுத்து வலி. மற்றபடி சௌக்கியம்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நிறம் பொய் சொல்கிறது. ஒரே சுவரைக் காலையிலும் மாலையிலும் படம் எடுத்தேன். இரண்டு வீடு மாதிரி இருந்தது. அதனால் பன்னிரண்டு நிறங்களையும் அட்டையில் அடித்து, பின்னால் எண் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். வெயிலில் வைத்துப் பார்த்து உனக்குப் பிடித்த எண்ணைச் சொல். அப்பா வீட்டை நம் இருவர் பேரிலும்தான் எழுதியிருக்கிறார், அதனால் கேட்கிறேன்.

இது சுண்ணாம்புப் பூச்சு. சஹானா எங்கேயோ பார்த்துவிட்டு, தையில் கல்யாணமாகி வரும்போது ஹாலில் இதுதான் இருக்க வேண்டும் என்கிறாள். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் பாதிக்குப் பாதி வெளுப்பு. டப்பா மூடியைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. சுவரிலேயே அடித்து இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். எனக்குக் காத்திருக்க வராது என்பது உனக்குத் தெரியும்.

ஹாலில் பெரிய பீரோ நின்ற சுவரைத் தேர்ந்தெடுத்தேன். அப்பா இருந்தவரை அந்த பீரோவை ஓரங்குலம் நகர்த்த விட்டதில்லை. நானும் பெயிண்டர் பழனிச்சாமியும் தள்ளி வைத்தோம். பழைய டிஸ்டெம்பரைச் சுரண்டிவிட்டு, நாலு நாலாக மூன்று வரிசை. மேல் வரிசை 1 முதல் 4, நடுவில் 5 முதல் 8, கீழே 9 முதல் 12. சஹானாவின் கட்சி 7, நீலச் சாம்பல்.

இன்னொன்று. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் சந்து ரூம் எனக்கு வேண்டும். சஹானா வீட்டிலிருந்து வேலை செய்கிறவள், அவளுக்கு ஒரு அறை தேவை. ஆஞ்சலா என்ற அந்த ரிடையர்டு நர்ஸ் எனக்கு நினைவு தெரிந்த நாளாய் அங்கே குடியிருக்கிறார். அப்பா ஏன் ஒருநாளும் காலி செய்யச் சொல்லவில்லை? நோட்டீஸ் டைப் செய்துவிட்டேன். நீயும் கையெழுத்துப் போட வேண்டும். உன் நகல் இதோடு இருக்கிறது. உடனே திருப்பி அனுப்பு.

கேசவ்


கோயம்புத்தூர்
22.9.2025

சிரஞ்சீவி கேசவனுக்கு அநேக ஆசீர்வாதம்.

இங்கே எல்லோரும் க்ஷேமம். அத்திம்பேர் மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டார். கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, கம்ப்யூட்டரை உயர்த்தி வை.

நிறங்கள் எல்லாமே அழகாக இருக்கின்றன. ஆனால் சுண்ணாம்பெல்லாம் கையில் ஒட்டும், துணியில் ஒட்டும். நல்ல எமல்ஷனாக ஒரு கோட் அடித்து முடித்துவிடேன். கல்யாண வீட்டில் வேலையை இழுத்துக்கொண்டு போகக் கூடாது. பீரோவை எதற்கு நகர்த்தினாய்? அம்மாவின் பீரோ, கால் ஆடும். திரும்ப அதே இடத்தில் வைத்துவிட்டால் அந்தச் சுவருக்கு நிறமே தேவையில்லை. பீரோ இல்லாமல் ஹால் ஹாலாகவே இருக்காது.

ரூம் விஷயம் கல்யாணத்துக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நோட்டீஸை எங்கேயோ வைத்தேன், தேட வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு.

சுப்ரியா


ரிச்சர்ட்ஸ் டவுன்
28.9.2025, ஞாயிறு, காலை 11.15
மொத்தக் கட்டங்கள்: பன்னிரண்டு. தேறியவை: ஒன்பது

அக்காவுக்கு,

நமஸ்காரம். ஒத்தடம் கொடுத்தேன், கழுத்து பரவாயில்லை.

பதினான்கு நாள் ஆகிவிட்டது. ஒன்பது கட்டங்கள் சீராக வெளுத்து, கல் மாதிரி பிடித்திருக்கின்றன. 3, 7, 11 மட்டும் திட்டுத்திட்டாக, கறுத்து நிற்கின்றன. விரலால் தேய்த்தால் மாவாகக் கொட்டுகிறது. மூன்றும் மூன்று வேறு நிறங்கள்.

எனக்குச் சந்தேகம் பழனிச்சாமி மேல். சிவாஜிநகரில் சுண்ணாம்பையும் நிறப்பொடியையும் நானே நின்று வாங்கினேன். கலந்தது அவர். மூன்று கட்டத்துக்கு மட்டும் பழைய மிச்சத்தைக் கொட்டியிருக்கிறார் என்று நினைத்தேன். நேராகவே கேட்டுவிட்டேன். பொம்மசந்திரா ஆலையில் தினமும் பெயிண்டின் கனத்தை மைக்ரான் கணக்கில் அளக்கிறவன் நான், என்னிடம் இதெல்லாம் நடக்காது என்றும் சொன்னேன்.

அந்த மனிதர் கோபப்படவில்லை. பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்: "சார், வாளி ஒண்ணு, பிரஷ் ஒண்ணு, கை ஒண்ணு. ஒம்பது கட்டத்துக்கு நல்லவன், மூணு கட்டத்துக்குத் திருடனா? என்னை விடுங்க, சுவத்தைக் கேளுங்க."

பதில் சாமர்த்தியமாக இருந்ததால் சந்தேகம் கூடியது. அடுத்து பரிசோதனை செய்யப்போகிறேன்.

உன் கடிதத்தையும் இரண்டு தரம் படித்தேன். பீரோவைப் பற்றி நான் எழுதியது போகிற போக்கில். நீ எழுதியது நாலு வாக்கியம். பிடித்த எண் எது என்று கேட்டேன், அதற்குப் பதில் இல்லை. நோட்டீஸ் கிடைத்ததா?

கேசவ்


ரிச்சர்ட்ஸ் டவுன்
12.10.2025, ஞாயிறு, காலை 8.05
மொத்தக் கட்டங்கள்: பன்னிரண்டு, எல்லாம் வெள்ளை

அக்காவுக்கு,

நமஸ்காரம். உன்னிடமிருந்து கடிதம் இல்லை. போனில் கேட்டால், "எழுதறேன்டா, குக்கர் அடுப்பில இருக்கு" என்கிறாய். மூன்று தரமும் அதே குக்கர். உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

பரிசோதனை முடிவு இது. பன்னிரண்டு கட்டங்களையும் சுரண்டி எடுத்துவிட்டு, நிறம் எதுவும் சேர்க்காமல் வெறும் சுண்ணாம்பை நானே கலந்து, நானே அடித்தேன். அதே 3, 7, 11. ஆகவே குற்றவாளி பழனிச்சாமி இல்லை. ஆலையிலிருந்து கொண்டுவந்த, ஈரம் அளக்கும் மீட்டரும் கையுமாக நின்று, அவரிடம் தப்பு என்னுடையது என்று சொன்னேன். "பரவால்ல சார், மீட்டருக்கு ஒரு டீ, எனக்கு ஒரு டீ சொல்லுங்க" என்றார்.

மூன்று கட்டங்களும் ஒன்றின் கீழ் ஒன்று. இதை முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். எண்ணைப் பார்த்தேனே தவிர இடத்தைப் பார்க்கவில்லை. 11-க்குக் கீழே, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் நிறையக் கீறல்கள் வேறு இருக்கின்றன. மேலே சுண்ணாம்பு அடித்து மறைத்திருக்கிறார்கள். எலி என்கிறார் பழனிச்சாமி. எலி இரண்டடி உயரத்தில் ஏன் சுரண்ட வேண்டும்?

இப்போது என் சந்தேகம் அந்தப் பக்கத்து ஆள் மேல். ஆஞ்சலா சுவரை ஒட்டிக் குளியல் தொட்டி ஏதாவது வைத்து ஈரமாக்குகிறாரோ? அவரைப் பற்றி யோசிக்க யோசிக்க ஒன்றும் ஒத்துவரவில்லை. அப்பா காரியத்தன்று ஊரே வந்தது. ஒரே கட்டடத்தில் இருப்பவர் உள்ளே வரவில்லை, சந்தில் நின்றார். நீ வெளியே போய் ஏதோ பேசிவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தாய். நான் பார்த்தேன்.

நோட்டீஸ்?

கேசவ்


கோயம்புத்தூர்
17.10.2025

சிரஞ்சீவி கேசவனுக்கு ஆசீர்வாதம். தீபாவளி கங்கா ஸ்நானத்துக்கு இப்போதே வாழ்த்து. மருந்தும் ஒரு டப்பா மைசூர்பாகும் தனியாக அனுப்பியிருக்கிறேன். எண்ணெய் தேய்த்துக் குளி, ஷாம்பு போட்டு ஏமாற்றாதே.

எனக்குக் கொஞ்சம் தலைசுற்றல், பி.பி. மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். கல்லூரியில் பேப்பர் திருத்தும் வேலை. அதனால்தான் எழுதவில்லை.

பழைய சுவரில் ஓதம் இருக்கத்தான் செய்யும். அதற்காக நீ மீட்டரை எடுத்துக்கொண்டு ஆஞ்சலா வீட்டுக்குப் போய் நிற்காதே. வயசானவர். நீ பேசுகிற பேச்சு அவருக்குத் தாங்காது. அவர் அங்கே இருப்பது [இங்கே ஒன்றரை வரி அடிக்கப்பட்டிருக்கிறது] சரி, அதை விடு.

சஹானாவுக்குப் புடவை எடுத்துவிட்டேன். மயில் கழுத்து நிறம். அவளுக்குப் பிடிக்குமா?

சுப்ரியா


ரிச்சர்ட்ஸ் டவுன்
26.10.2025, ஞாயிறு, பிற்பகல் 3.20
மொத்தக் கட்டங்கள்: நாற்பத்தெட்டு

அக்காவுக்கு,

நமஸ்காரம். மைசூர்பாகு வந்தது. எண்ணெய் தேய்த்துத்தான் குளித்தேன். புதிய மாத்திரை ஒத்துக்கொள்கிறதா?

மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டேன், சுவரில் ஓதம் இல்லை. கெட்ட கட்டங்கள் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகின்றன என்று பார்க்க, 3, 7, 11-ஐச் சுற்றி உள்ளங்கை அகலத்தில் முப்பத்தாறு சின்னக் கட்டங்கள் அடித்தேன். பத்து நாளில் சுவரே வரைபடம் போட்டுக் கொடுத்துவிட்டது. அகலம் மூன்றேகால் அடி. உயரம் ஆறரை அடி. ஓரங்கள் நேர்க்கோடு. வெளியே சுண்ணாம்புக் காரை, உள்ளே சிமெண்ட். சிமெண்ட் சுண்ணாம்பைக் குடிக்காது, அதனால்தான் மாவாகக் கொட்டுகிறது. மேலே ஒரு மெல்லிய பூச்சைப் போட்டு எல்லாவற்றையும் ஒன்றுபோலக் காட்டியிருக்கிறார்கள்.

அது ஒரு வாசல், அக்கா. நம் ஹாலிலிருந்து ஆஞ்சலாவின் அறைக்குப் போகும் வாசல். செங்கல் வைத்து அடைத்து, முன்னால் அம்மாவின் பீரோவை நிறுத்தியிருக்கிறார் அப்பா.

உனக்கு இது தெரியும். எமல்ஷன் அடி என்று சொன்னதற்குக் காரணம் அதுதான். எமல்ஷன் எதன் மேலும் ஒட்டும், எதையும் காட்டிக்கொடுக்காது. பீரோவைத் திரும்ப வை என்றதும் அதற்குத்தான். நீ அடித்த ஒன்றரை வரியை ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். 'நான் சொன்னதால்தான்' என்பது தெரிகிறது. மீதியைப் பேனாவால் கொன்றிருக்கிறாய்.

நீ என்ன சொன்னாய்? யாரிடம்? அந்த அறையை அப்பா அவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டாரா? நீயும் அவரும் சேர்ந்து எனக்குத் தெரியாமல் ஏதாவது முடிவு செய்திருக்கிறீர்களா? எனக்கு இருக்கிற கூடப்பிறந்தவள் நீ ஒருத்திதான். உன்னைச் சந்தேகப்பட எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் வேறு ஆள் மிச்சமில்லை.

நவம்பர் 9 வரை பார்ப்பேன். அன்றைக்கு நோட்டீஸோடு சந்து வழியாகப் போய் நானே கேட்டுக்கொள்வேன். இதைச் சஹானாவிடம் சொன்னேன். "நோட்டீஸ் கொடுக்கற கையாலதான் கல்யாணப் பத்திரிகையும் கொடுப்பீங்களா?" என்றாள். அவளும் உன் கட்சியோ என்னவோ.

கேசவ்


[அஞ்சலட்டை]

கோயம்புத்தூர்
3.11.2025

கேசவா, ஆசீர்வாதம். போகாதே. நானே எழுதுகிறேன். கொஞ்சம் அவகாசம் கொடு. சு.


ரிச்சர்ட்ஸ் டவுன்
9.11.2025, ஞாயிறு, மாலை 5.50
கதவு: ஒன்று

அக்காவுக்கு,

நமஸ்காரம். அட்டை வெள்ளிக்கிழமையே வந்தது. அவகாசம் என்றால் எத்தனை நாள் என்று எழுதவில்லை. போய்விட்டேன்.

ஆஞ்சலா என்னையும் கையிலிருந்த ஈரமானியையும் பார்த்தார். "வாங்க தம்பி. என்ன, எனக்குப் பல்ஸ் பாக்க வந்தீங்களா?" என்றார். உள்ளே குளியல் தொட்டி எதுவும் இல்லை. ஒரு கட்டில், ஒரு மேசை, மாதா படம், அயர்ன் செய்து மடித்த துணிகள். அறை எங்கள் ஆலையின் லேப்பை விடச் சுத்தம்.

சுவரை அளக்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பக்கம் கதவு அப்படியே இருக்கிறது. பச்சை பெயிண்ட் அடித்த இரட்டைக் கதவு. நிலையும் வாசற்படியும்கூட அப்படியே. இடுக்கு வழியாகப் பார்த்தால் நம் செங்கல் தெரிகிறது. கீல்களுக்கு எண்ணெய் போட்டிருக்கிறார். எங்கும் திறக்காத கதவுக்கு ஏன் எண்ணெய்? தாழ்ப்பாள் அவர் பக்கம் இருக்கிறது. அது போடப்படவில்லை.

"தாழ்ப்பாள் போடலையே" என்றேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"நான் எதுக்குப் போடணும்? நான் மூடலையே."

அப்பா எழுதிக் கொடுத்தாரா என்று கேட்டேன். ஒன்றும் கிடையாது என்றார், காலி செய்யச் சொன்னால் ஓசூரில் தங்கை மகள் வீடு இருக்கிறது என்றார். மிரட்டலும் இல்லை, அழுகையும் இல்லை. பஸ் நம்பர் சொல்வது மாதிரி சொன்னார். பிறகு என் கையைப் பார்த்து, நகம் கடிக்கும் பழக்கம் போய்விட்டதா என்று விசாரித்தார். எனக்கு அந்தப் பழக்கம் இருந்ததே எனக்குத் தெரியாது.

கிளம்பும்போது அவராகவே சொன்னார்: "செவுரு எழுப்பின புதுசுல அந்தப் பக்கம் கீழே சொரண்டற சத்தம் கேக்கும். மொதல்ல எலின்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் எலி இல்லைன்னு தெரிஞ்சுது." பால் பொங்குகிறதா என்று பார்க்கப் போனவர், முதுகைக் காட்டியபடியே, "மீதிய உங்க அக்காவைக் கேளுங்க. எனக்கு மட்டும் நடந்ததில்ல அது" என்றார்.

நோட்டீஸ் சட்டைப்பையில் இருந்தது. கொடுக்கவில்லை. ஏன் என்று எனக்கே விளங்கவில்லை. கேட்கிறேன்.

கேசவ்


கோயம்புத்தூர்
18.11.2025

கேசவா,

ஆசீர்வாதம் என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை. உடம்பு சரியாகத்தான் இருக்கிறது.

அம்மா 2002 ஆவணியில் போனாள். உனக்கு மூன்று, எனக்குப் பதினைந்து. அதற்கு முந்தைய ஒரு வருஷம் அவளுக்கு ஊசி போட்டது, துடைத்துவிட்டது, தலை வாரியது எல்லாம் ஆஞ்சலா. அதற்காகத்தான் அப்பா அந்த அறையைக் கொடுத்து, ஹால் பக்கக் கதவைத் திறந்து வைத்தார். அம்மா போன பிறகும் கதவை மூடவில்லை. நீ அவர் இடுப்பை விட்டு இறங்கியதில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. நான் கூப்பிட்டால் நீ வரமாட்டாய்.

அடுத்த வருஷம் ஒருநாள் சாப்பிடும்போது அப்பா என்னிடம் கேட்டார். தானும் ஆஞ்சலாவும் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று. உத்தரவு போடவில்லை, கேட்டார். நான் தட்டை நகர்த்தினேன். இரண்டு நாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவர் வேறு மதம், நர்ஸ், அம்மாவின் இடம், ஊர் என்ன சொல்லும், இப்படி என்னவெல்லாமோ சொன்னேன். அம்மாவைப் பார்க்க வந்தவள் அப்பாவைப் பார்த்துக்கொண்டாள் என்று கதவு திறந்திருக்கும்போதே சொன்னேன். அவர் காதில் விழ வேண்டும் என்றுதான் சொன்னேன். கதவை அடைத்தால்தான் சாப்பிடுவேன் என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் வந்தார். சாயங்காலம் நான் சாப்பிட்டேன்.

அப்பா அவரைப் போகச் சொல்லவில்லை. அவரும் போகவில்லை. இருபத்திரண்டு வருஷம் சுவருக்கு இரண்டு பக்கமும் இருந்தார்கள். சந்தில் பார்த்தால் குட்மார்னிங் சொல்வார்கள். நான் கல்யாணமாகி இங்கே வந்த பிறகாவது "இடித்துவிடுங்கள் அப்பா" என்று ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். எழுதினேன். தபாலில் போடவில்லை.

இதுவரை சொன்னதை எப்படியாவது சொல்லியிருப்பேன். சொல்ல முடியாதது ஒன்று இருக்கிறது.

அந்தக் கீறல் நீ. சுவர் எழுப்பிய பிறகு தினமும் அங்கே போய் உட்கார்ந்து நகத்தால் சுரண்டினாய். விரல் நுனியெல்லாம் வெள்ளை, வாயெல்லாம் வெள்ளை. சுண்ணாம்பு தின்கிறான் என்று டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். ரத்தம் குறைவு, இரும்புச் சத்து டானிக் கொடுங்கள் என்றார். எல்லோரும் நம்பினார்கள். நான் நம்பவில்லை, ஆனால் நம்புகிற மாதிரி தினமும் டானிக்கை ஊற்றிக் கொடுத்தேன். அப்புறம் அப்பா கீறலின் மேல் சுண்ணாம்பு அடித்து, பீரோவை அதன் முன்னால் நகர்த்தினார்.

காரியத்தன்று சந்தில் அவரிடம், உள்ளே வாருங்கள் என்று சொன்னேன். "நீ சொல்லி வந்தா நல்லாயிருக்காதும்மா, அவர் இருக்கும்போது சொல்லியிருக்கணும்" என்றார். நியாயம்தானே.

நோட்டீஸ் தொலையவில்லை. என் கைப்பையில் இருக்கிறது. கையெழுத்துப் போட மாட்டேன். இனி நீ என்ன செய்தாலும் எனக்குச் சம்மதம்.

சுப்ரியா


ரிச்சர்ட்ஸ் டவுன்
23.11.2025, ஞாயிறு, காலை 7.30
மொத்தக் கட்டங்கள்: எண்ணவில்லை

அக்காவுக்கு,

நமஸ்காரம். பி.பி. மாத்திரையை விடாதே. கழுத்து சரியாகிவிட்டது.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. நேற்று ஆலைக்குப் போகவில்லை. கீறல்களை அளந்தேன், வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. தரையிலிருந்து அறுபத்தொரு சென்டிமீட்டர், நாலு வயசுப் பையன் உட்கார்ந்தால் கை எட்டும் உயரம். எனக்கு எதுவும் நினைவு வரவில்லை. வர வைக்கப் பார்த்தேன். வரவில்லை. அதுதான் கோபமாக இருக்கிறது. உன் மேல் கோபம் எவ்வளவு என்று இன்னும் தெரியவில்லை. தெரிந்ததும் எழுதுகிறேன். பதினாறு வயசுப் பெண் சாப்பிடவில்லை என்பதற்காகச் சுவர் எழுப்பின அப்பா மேலும் கோபம்.

சஹானாவிடம் உன் கடிதத்தைக் கொடுத்தேன். படித்து, மடித்து என் கையில் கொடுத்தாள். பிறகு, "என் டேபிள் ஹால் ஜன்னல் பக்கம் போட்டாச்சு, போங்க. ரூம் யாருக்கு வேணும்" என்றாள்.

அடுத்து செய்யப்போவது:

1. நோட்டீஸைக் கிழித்தாயிற்று. உன் நகலையும் கிழி.

2. பன்னிரண்டு அட்டைகளையும் இன்று பத்து மணிக்கு ஆஞ்சலா அம்மாவிடம் கொண்டு போவேன். அவர் பக்கச் சுவருக்கும் நிறம் அவரே தேர்ந்தெடுக்கட்டும். கல்யாணப் பத்திரிகையும் அதே கையால்.

3. சனிக்கிழமை பழனிச்சாமி வந்து ஹால் முழுக்க 7 அடிப்பார். அந்த மூன்றேகால் அடிக்கு ஆறரை அடி மட்டும் வெறும் சுவராக நிற்கும். மறைக்க மாட்டேன். பீரோ என் அறைக்குப் போகிறது.

4. உனக்கு டிசம்பர் 20 சனிக்கிழமை ரயிலில் டிக்கெட் போட்டுவிட்டேன், ஜன்னல் ஸீட். நம் வாசலுக்கு வராதே. முதலில் சந்து வழியாகப் போ. சுவரை எடுக்கலாமா என்று நீ அவரிடம் கேட்க வேண்டும். நான் கேட்க முடியாது, மூடச் சொன்னது நான் இல்லை.

5. வேண்டாம் என்று அவர் சொன்னால் அதோடு பேச்சு முடிந்தது. அவர் இருக்கும்வரை அறையும் அவருடையது, தாழ்ப்பாளும் அவருடையது.

6. சரி என்று சொன்னால், முதல் செங்கலை 11-க்குக் கீழே நானே எடுப்பேன். அந்த இடத்தில் கொஞ்சம் வேலையை ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறேன்.

கேசவ்